மழைக்கு மொய் எழுதிய கதை

2021 அக்டோபர் 25ஆம் தேதி வடகிழக்குப் பருவமழை தொடங்கியது. நான்கு நாள் கழித்து, மாடியில் மழை அளக்கும் எங்கள் ஆர்வலர் குழுவின் இணைய மழை வரைபடம் காணாமல் போனது. வருடம் முழுக்கக் காத்திருந்தது இந்த மழைக்காகத்தான், அது வந்த வாரத்திலேயே வரைபடத்தை ஓட்டும் சர்வர் படுத்துவிட்டது. காரணம் புயலும் இல்லை, கூட்டமும் இல்லை. வாடகை கட்டவில்லை, அவ்வளவுதான். கார்டில் மாதாமாதம் தானாகக் கழியும் பணத்துக்கு ரிசர்வ் வங்கி அந்த அக்டோபர் 1 முதல் புது விதி கொண்டுவந்திருந்தது, முன்கூட்டியே அனுமதி பதியாத கட்டணங்கள் போகாது. அதை நான் செய்தியில் படித்தேன், ஆபீஸில் நாலு பேருக்கு விளக்கமாகச் சொல்லவும் செய்தேன். என் கார்டில்தான் ஆறு வருடமாக சர்வர் வாடகை கழிகிறது என்பது மட்டும் மண்டையில் ஏறவில்லை. நினைவூட்டல் மெயில்கள் ஸ்பேமில் கிடந்தன.

மூன்று நாளில் சரிசெய்தோம். நவம்பர் 7 காலை நுங்கம்பாக்கத்தில் 20 செ.மீ.க்கு மேல் கொட்டியபோது வரைபடம் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் அந்த மூன்று நாளில் குழுவில் ஒருவர் கேட்ட கேள்விதான் இத்தனை நாளாக என்னை விடவில்லை. "சார், இதுக்கு மாசம் எவ்ளோ ஆகுது? யார் கட்டுறா?" ஆறு வருடத்தில் முதல் தடவையாக ஒருவர் கேட்டார். இப்படி ஓசியில் நடக்கும் குழுவுக்கு அதைப் பயன்படுத்துகிறவர்கள் காசு தர வேண்டுமா என்பதுதான் இந்தக் கதை.

எங்கள் குழு என்னவென்று சொல்லிவிடுகிறேன். 2015 டிசம்பர் 1ஆம் தேதி ராத்திரி தாம்பரத்தில் 49 செ.மீ. பெய்ததே, அப்போது என் மொட்டை மாடியில் ஒரு மழைமானி இருந்தது. மழைமானி என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம், இரண்டு லிட்டர் பெட் பாட்டிலின் தலையை வெட்டி, அதையே கவிழ்த்துப் புனல் மாதிரிச் செருகி, பக்கத்தில் ஸ்கேல் ஒட்டியது. அது நள்ளிரவுக்கு முன்பே நிரம்பி வழிந்துவிட்டது. எவ்வளவு பெய்தது என்று அளக்க முடியாமல் போன ஆத்திரத்தில் ஆரம்பித்ததுதான் எல்லாம். என்னைப் போலவே மாடியில் பாட்டில் வைத்திருக்கும் பைத்தியங்கள் ஊர் ஊருக்கு இருக்கிறார்கள் என்று அப்புறம்தான் தெரிந்தது. நாற்பது பேர் சேர்ந்தோம். இப்போது தினமும் காலை 8.30க்கு நூற்று நாற்பது பேர் தங்கள் வீட்டு மழையை அளந்து போடுகிறார்கள். வானிலை ஆய்வு மையத்தின் மழை நாளும் 8.30இலிருந்து 8.30 வரைதான், அதனால் நாங்களும் அப்படியே. எண்ணைப் போட்டால் வரைபடத்தில் அந்த ஊர்ப் புள்ளி நிறம் மாறும். கீழே பேச்சு, சண்டை, போட்டோ.

முதலில் மாதம் 5 டாலர் சர்வர். அப்போது டாலர் 66 ரூபாய். ஒரு நல்ல ஓட்டலில் இரண்டு பேர் டிபன் சாப்பிடும் காசு, யாரிடம் போய்க் கேட்பது? அப்புறம் படங்கள் சேர்ந்தன, 12 டாலர் ஆனது, அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, அதன்மேல் வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கு கார்டுக்காரர் பங்கு, தனியாக பேக்கப், தனியாக டொமைன் புதுப்பிப்பு. புயல் வரும் வாரத்தில் மட்டும் பெரிய சர்வருக்கு மாற வேண்டும். அந்தக் கேள்வி வந்த அன்று ராத்திரி உட்கார்ந்து எக்ஸெல்லில் போட்டுப் பார்த்தேன், ஆறு வருடத்துக்கு 58,000 சொச்சம். பின்னால் நின்று பார்த்த என் மனைவி, "ஒரு செகண்ட் ஹேண்ட் ஸ்கூட்டி" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டாள்.

ஏன் கேட்கவில்லை என்று யோசித்தேன். கூச்சம் ஒரு காரணம், காசு கேட்டால் நம்மைத் தாழ்வாகப் பார்ப்பார்கள் என்ற நினைப்பு. ஆனால் அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு, வெளியே சொல்லத்தான் வெட்கம். நான் ஒருத்தனே கட்டியதால் நான் ராஜா. யாராவது சட்டம் பேசினால், "பிடிக்கலன்னா வேற இடம் பாருங்க" என்று சொல்லும் தைரியம் அந்த வாடகை ரசீதிலிருந்துதான் வந்தது. இரண்டு மூன்று பேரை அப்படி விரட்டியும் இருக்கிறேன், அதில் ஒருவர் நியாயமாகத்தான் பேசினார். பயன்படுத்துகிறவர்கள் காசு தர வேண்டுமா என்று கேட்கிறவர்கள் எல்லாம் நடத்துகிறவனின் பர்ஸைப் பார்த்துத்தான் கேட்கிறார்கள். நான் அவனுடைய திமிரையும் சேர்த்துப் பார்க்கச் சொல்வேன். தனியாகக் கட்டுகிறவன் ஒருநாள் இதெல்லாம் தன் சொத்து என்று நினைக்க ஆரம்பிப்பான். அதனால் என் பதில், ஆமாம், தர வேண்டும். ஆனால் அந்தக் காசை எப்படி வாங்குவது என்பதில் நான் மூன்று தடவை வழுக்கி விழுந்தேன்.

முதலில் விளம்பரம். யாரிடமும் கை நீட்ட வேண்டாமே என்று போட்டேன். சிவப்பு எச்சரிக்கை வந்த அன்று அதற்கு நேர் கீழே ராசிபலன் விளம்பரம், "இந்த வாரம் உங்களுக்குத் தண்ணீரில் கண்டம்" என்கிற ரீதியில். பாதி பேர் விளம்பரத் தடுப்பானோடு வருகிறவர்கள், மீதிப் பேரை வைத்து 100 டாலர் சேர்ந்தால்தான் கைக்கு வரும். ஐந்து மாதத்தில் 31 டாலர். எடுத்துவிட்டேன். அந்த 31 டாலர் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

அடுத்து ஒரு பெரிய மனிதர். புறநகரில் மனை போட்டு விற்கிறவர், பெயர் வேண்டாம். உண்மையிலேயே மழை ஆர்வம் உள்ளவர்தான், எங்கள் வரைபடத்தைத் தினமும் பார்ப்பார். "வருஷம் ஒரு லட்சம் நான் தரேன், கீழ ஓரமா நம்ம பேர் மட்டும் போடுங்க" என்றார். ஒரு லட்சம்! நான்கு வருட வாடகை. எனக்குக் கை நடுங்கியது, சரி என்று வாயால் சொல்லியும் விட்டேன். பணம் வரும் முன்பே மழை வந்துவிட்டது, நல்லவேளை. குழுவில் ஒரு பையன் முழங்கால் தண்ணீரில் நின்று ஒரு போட்டோ போட்டான், பின்னால் அவருடைய மனைப்பிரிவின் வளைவுப் பலகை பளிச்சென்று தெரிகிறது. அரை மணி நேரத்தில் போன். "சார், தப்பா நினைக்காதீங்க, அந்த ஒரு போட்டோவ மட்டும் கொஞ்சம் பார்த்து எடுத்துருங்களேன்." குரலில் மிரட்டல் எதுவும் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. அதுதான் பயமாக இருந்தது, ஏனென்றால் எடுத்துவிடலாமா என்று ஒரு நிமிடம் எனக்கே தோன்றியது. தண்ணீர் எங்கே நிற்கிறது என்று சொல்வதற்காகவே இருக்கிற குழு, அதைச் சொல்லாமல் இருப்பதற்குக் காசு வாங்கினால் அப்புறம் என்ன இருக்கிறது. போட்டோ இருந்தது, ஒரு லட்சம் போனது.

வெளிநாட்டுக் கதை ஒன்றும் அப்போது ஞாபகம் வந்தது. அமெரிக்காவில் வெதர் அண்டர்கிரவுண்ட் என்று ஒன்று, 1995இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்திலிருந்து கிளம்பியது. ஆயிரக்கணக்கான ஆர்வலர்கள் சொந்தக் காசில் கருவி வாங்கி, வீட்டுக் கொல்லையில் நட்டு, அளவுகளை ஓசியில் அனுப்பினார்கள். 2012இல் அது வெதர் சேனலுக்குப் போனது, 2016இல் ஐபிஎம் கைக்கு வந்தது, 2018 முடிவில் இலவச ஏபிஐ, அதாவது அந்த அளவுகளை மற்ற தளங்களும் ஆப்களும் ஓசியில் எடுத்துக்கொள்ளும் வழி, நின்றது. யாரையும் குற்றம் சொல்லவில்லை, சர்வருக்கு யாராவது கட்டித்தானே ஆக வேண்டும். ஆனால் அளந்து கொடுத்தவர்களைக் கேட்டு எதுவும் நடக்கவில்லை. அதே நாட்டில் கோகோராஸ் என்று இன்னொன்று இருக்கிறது. 1997 ஜூலையில் கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸில் வெள்ளம் வந்தது, ஊரின் ஒரு பக்கம் கொட்டித் தீர்த்தது மறுபக்கத்துக்குத் தெரியவே இல்லை, அதனால் அடுத்த வருடமே ஆரம்பித்தார்கள். அங்கே ஒவ்வொருவரும் தன் மழைமானியைத் தானே காசு போட்டு வாங்கிக்கொள்ள வேண்டும், மற்ற செலவு மானியத்திலும் நன்கொடையிலும் ஓடுகிறது. இன்றும் நடக்கிறது.

சரி, மூன்றாவது வழுக்கல். 2022 செப்டம்பரில் துணிந்து யுபிஐ கியூஆர் கோடு போட்டேன், "விருப்பமுள்ளவர்கள் உதவலாம்" என்று ஒரே ஒரு வரியோடு. எவ்வளவு வேண்டும், எதற்கு, எப்போது வரை, எதுவும் எழுதவில்லை. வந்த தொகைகளைப் பார்த்தால் சிரிப்பு வரும். 101, 201, 501, ஒருவர் 1,001. நம் ஆட்கள் மொய் எழுதிவிட்டார்கள்! கடைசியில் அந்த ஒரு ரூபாய் வைக்காமல் அவர்களால் அனுப்ப முடியவில்லை. நானும் கல்யாண வீட்டுக்காரன் மாதிரி பெயர், தொகை எல்லாம் போட்டுப் பட்டியல் வெளியிட்டேன், மைக்கில் வாசிக்காததுதான் குறை.

மொய் என்றால் திரும்பச் செய்ய வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும், எனக்கு மட்டும் அந்த நேரத்தில் தோன்றவில்லை. 501 போட்டவர் ஒருவர், ஒரு வாதத்தில் எதிராளியிடம் "நீ ஒரு ரூபாயாவது குடுத்திருக்கியா, லிஸ்ட்ல பேர் இருக்கா?" என்று கேட்டுவிட்டார். 51 போட்டவர், "காசு வாங்குறீங்கல்ல, மேப் ஏன் இன்னும் மெதுவா வருது?" என்றார். போதாக்குறைக்கு என் யுபிஐ முகவரியே என் செல் நம்பர், அது கியூஆர் கோடோடு ஊர் முழுக்கப் போய்விட்டது. விடியற்காலை ஐந்து மணிக்குப் போன் வரும், எடுத்தால் ஏதோ ஒரு அம்மா, "சார், நாளைக்கு ஸ்கூல் லீவா?" இரண்டு மாதம் இது நடந்தது. (நம்பர் தெரியாத மாதிரி வேறு யுபிஐ முகவரி வைத்துக்கொள்ளலாம், ஆப்பிலேயே ஐந்து நிமிட வேலை. முதலில் இதைச் செய்துவிட்டு அப்புறம் கியூஆர் கோடு போடுங்கள்.)

இதையெல்லாம் சிரித்துக் கடந்துவிடலாம், ஒன்றைத் தவிர. திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர், எங்கள் குழுவிலேயே ஒழுங்கானவர். ஐந்து வருடத்தில் ஒருநாள் தவறியதில்லை, மழை இல்லாத ஏப்ரல் மாதத்திலும் 8.30க்கு "0.0" என்று போடுவார். கஜா புயல் கரையைக் கடந்த 2018 நவம்பர் 16 காலையில்கூட அளந்து தாளில் எழுதி வைத்து, கரண்ட் வந்த பிறகு தேதி வாரியாகப் போட்டவர். அந்தப் பட்டியல் வெளியான மூன்றாவது நாளிலிருந்து அவர் புள்ளி சாம்பல் நிறம். உடம்பு சரியில்லையோ என்று ஒரு வாரம் கழித்துப் போன் செய்தேன். கொஞ்ச நேரம் மழையைப் பற்றியே பேசினார். அப்புறம் தயங்கி, "நான் எதுவும் அனுப்பல தம்பி. எல்லாரும் போட்டிருக்காங்க. அதான், ஓசியில உள்ள வர சங்கடமா இருந்துச்சு" என்றார். எனக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. அவருடைய எண்கள்தான் சார் இந்தக் குழுவே, சர்வர் வாடகை யார் வேண்டுமானாலும் கட்டலாம். அவர் நாள் தவறாமல் அளந்த மழைக்கு யார் விலை போடுவது?

அன்று ராத்திரியே பட்டியலை எடுத்தேன். மறுநாள் குழுவில் எல்லோரையும் கேட்டு விதிகளை எழுதினோம், அதற்குப் பிறகு பெரிதாக மாற்றவில்லை. வருடத்துக்கு ஒரே தடவை, அக்டோபர் முதல் வாரத்தில், போன வருடச் செலவை வரி வரியாகப் போட்டு அதற்கான தொகையை மட்டும் கேட்பது. கடைசியாக அது 24,000 ரூபாய். தொகை நிறைந்த நிமிடம் கியூஆர் கோடை எடுத்துவிடுவது. ஒருவர் அதிகபட்சம் 500, அதற்கு மேல் வந்தால் மிச்சம் திருப்பி அனுப்பப்படும். யார் கொடுத்தார்கள் என்பது கணக்குப் பார்க்கும் இரண்டு பேருக்கு மட்டுமே தெரியும், கொடுத்தவருக்குப் பட்டமோ நட்சத்திரமோ கிடையாது. மாதாமாதம் 20 ரூபாய் தானாகக் கழிகிற மாதிரி வைக்கலாமே என்று சிலர் சொன்னார்கள், நான்தான் வேண்டாம் என்றேன். மாதாமாதம் கட்டுகிறவர் வாடிக்கையாளர் ஆகிவிடுவார், வருடத்துக்கு ஒருமுறை போடுகிறவர் உறுப்பினராகவே இருப்பார் என்பது என் அனுபவம். வேண்டுகோளின் முதல் வரியில், காசுக்கு முன்னால், தினமும் அளந்து போடுகிறவர்கள் எதுவும் தர வேண்டாம் என்று எழுதுகிறோம். ஆசிரியர் நான்காவது நாள் திரும்ப வந்தார், "2.4" என்று போட்டார், வேறு எதுவும் சொல்லவில்லை.

24,000 என்பதைக் குறைவாகவே வைத்திருப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் இப்படி வரும் பணம் 50,000 ரூபாயைத் தாண்டினால், தாண்டியது மட்டுமல்ல, முழுத் தொகையும் வாங்குகிறவரின் வருமானமாகக் கணக்காகும். குழுவுக்காகத்தான் வாங்கினேன் என்று நாம் சொல்லலாம், கணக்கு நம் பெயரில்தானே இருக்கிறது. அதனால் இதற்கென்று தனி சேமிப்புக் கணக்கு, சம்பளக் கணக்கோடு கலக்கவே கூடாது. சங்கமாகப் பதிவு செய்யலாமா என்றும் பார்த்தோம். ஏழு பேர் வேண்டும், அது கிடைக்கும். ஆனால் வருடாவருடம் கணக்குத் தாக்கல், கூட்டம், தீர்மானம் என்று போனால் மழையை யார் பார்ப்பது என்று விட்டுவிட்டோம். பெரிய குழு என்றால் பதிவு செய்யத்தான் வேண்டும்.

வெளிநாட்டுக்காரர்கள் விஷயம் தனி. கடலூர்க்காரர் ஒருவர் சிங்கப்பூரில் இருக்கிறார், அம்மா அப்பா இன்னும் கடலூரில், அதனால் ஐப்பசி கார்த்திகை முழுக்க எங்கள் வரைபடத்திலேயே குடியிருப்பார். "அண்ணே, மொத்தத்தையும் நானே கட்டிடறேன்" என்றார். இந்தியக் குடியுரிமையோடு வெளிநாட்டில் இருப்பவர் தன் சேமிப்பிலிருந்து அனுப்புவது வேறு, வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்புவது வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் பேச்சுக்குள் வந்துவிடும். அவர் கையில் இருப்பது சிங்கப்பூர் பாஸ்போர்ட். கும்பிட்டு வேண்டாம் என்றேன். வருத்தப்பட்டார்.

அப்புறம் 2023 டிசம்பர், மிக்ஜாம். 3ஆம் தேதி ராத்திரி தொடங்கி 4ஆம் தேதி முழுக்கச் சென்னையில் பேய்மழை. எங்கள் பகுதியில் மூன்று நாள் கரண்ட் இல்லை, டவர் இல்லை. சர்வர் மும்பையில் சௌகரியமாக இருக்கிறது, அதற்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் ஆளாளுக்குப் போட்டோ ஏற்றியதில் டிஸ்க் நிரம்பி மதியம் இரண்டு மணிக்கு நின்றுவிட்டது. பழைய படங்களை நகர்த்தினால் பத்து நிமிட வேலை. பாஸ்வேர்ட் என்னிடம் மட்டும்தான், என் போனில் 9 சதவீதம் சார்ஜ், சிக்னல் பூஜ்யம். வங்கிக் கணக்கில் 11,000 ரூபாய் சும்மா கிடந்தது. காசு கேட்கக் கற்றுக்கொண்டேன், பெரிதாக விதியெல்லாம் எழுதினேன், சாவியை மட்டும் யாரிடமும் கொடுக்கவில்லை. ராஜா இன்னும் உள்ளேதான் உட்கார்ந்திருந்தார் என்று அந்த இருட்டில் மெழுகுவர்த்தியோடு உட்கார்ந்து புரிந்துகொண்டேன். தண்ணீர் வடிந்ததும் இரண்டாவது சாவியைக் கொடுத்தது அந்தக் கடலூர்க்காரருக்கு. சென்னையில் கரண்ட் போனால் சிங்கப்பூரில் போகாது. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெங்கல் புதுச்சேரி பக்கம் நகராமல் நின்று கொட்டியபோது, சர்வரைப் பெரிதாக்கியது, படங்களை நகர்த்தியது, விடியும்வரை பார்த்துக்கொண்டது எல்லாம் அவர்தான். நான் நன்றாகத் தூங்கினேன். அதனால் புதிதாகக் குழு நடத்துகிறவர்கள் யாராவது என்னிடம் யோசனை கேட்டால், காசு கேட்கும் முன் இரண்டாவது ஆளிடம் சாவி கொடுங்கள் என்றுதான் ஆரம்பிக்கிறேன்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கள் வரைபடத்தின் அடியில் இருக்கும் தெரு, ஏரி, ஊர்ப்பெயர் எல்லாம் ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பிலிருந்து வருகிறது. அதுவும் நம்மைப் போன்ற ஆர்வலர்கள் வரைந்தது, அதன் சர்வர்களும் நன்கொடையில்தான் ஓடுகின்றன, அவற்றிலிருந்து படத்தை அதிக அளவில் இழுக்காதீர்கள் என்று தெளிவாக எழுதியே வைத்திருக்கிறார்கள். புயல் நாட்களில் எத்தனை ஆயிரம் பேர் எங்கள் வழியாக அவர்கள் படத்தை இழுத்திருப்பார்கள்! ஓசியில் பார்க்கிறவர்களைப் பற்றி இவ்வளவு புலம்பிய நான் ஏழு வருடம் அவர்களுக்கு ஒரு பைசா கொடுத்ததில்லை. இப்போது படத்துண்டுகளை எங்கள் சர்வரிலேயே வைத்துக்கொண்டோம், என் சொந்தக் காசிலிருந்து அவர்களுக்கு வருடம் ஒரு சிறு தொகை போகிறது.

கடைசியாகக் கேட்டபோது ஒன்பது நாளில் 24,000 நிறைந்துவிட்டது, அன்றைக்கே கியூஆர் கோடை எடுத்துவிட்டோம். தாமதமாக வந்தவர்களில் ஒருவர், செங்கல்பட்டுக்காரர், "அதெப்படி, என் பங்கு இல்லாமலா?" என்று எங்கிருந்தோ என் பழைய நம்பரைப் பிடித்து 101 ரூபாய் அனுப்பிவிட்டார். விதி விதிதான் என்று நானும் திருப்பி அனுப்பினேன். மொய்யைத் திருப்பிவிட்டான் என்று கோபம். இன்றைக்கும் 8.30க்கு மழை அளவு ஒழுங்காக வருகிறது, என்னிடம் மட்டும் பேசுவதில்லை.